நியூட்ரினோவுக்கு மலை எதற்கு?

தேனி மாவட்டத்தில் தேவாரத்துக்கு அருகே பொட்டிப்புரம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கம் அது. மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும் ஆடுமாடு மேய்ச்சலுமே ஊராரின் பிழைப்பு. இவ்வூரை ஒட்டிய மலைக்குள் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க மத்திய அரசு ஒப்புதல் அளித்த செய்தி 2015 ஜனவரியில் வெளிவந்தது. கண்ணுக்குத் தெரியாத துகளை ஆராய ஒரு மலை எதற்கு?

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதும்போது பல துகள்கள் பிறக்கின்றன. அவற்றுள் இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்று மியூவான், மற்றொன்று நியூட்ரினோ. மியூவானுக்கு மின்னூட்டம் உண்டு. ஆகவே அது போகும் வழியிலுள்ள அணுக்களை உலுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலை இழக்கும். நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை. பூமியையே ஊடுருவிச் சென்றாலும் பெரும்பாலும் எதன்மீதும் மோதாது.

உங்கள் உள்ளங்கையை விரித்து வையுங்கள். நொடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் அதன் வழியே பாய்கிறது. இந்த மியூவான் மழைக்கு நடுவே, எப்போதோ ஒருமுறை மோதும் நியூட்ரினோவை அடையாளம் காண்பது எப்படி? களத்துமேட்டில் தானியத்தைச் சலிப்பது போலத் துகள்களையும் சலிக்க வேண்டும். அந்தச் சல்லடைதான் மலை. எல்லாப் பக்கமும் 1 கிலோமீட்டர் பாறை சூழ்ந்தால், மியூவான்கள் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நியூட்ரினோக்கள் குறையாமல் வந்து சேரும். அவற்றைப் பிடிக்க 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, காந்தமாக்கி வைப்பதாகத் திட்டம். சுமார் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை வழியே அங்கே செல்ல வேண்டும்.

இது நமக்குப் புதிதன்று. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், காற்று மண்டல நியூட்ரினோக்களின் தடயத்தை நம் விஞ்ஞானிகள் வெளிநாட்டாருடன் சேர்ந்து கண்டனர். பின்னர் அச்சுரங்கம் மூடப்பட்டது.

பொட்டிப்புரத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஊராரின் கேள்விகளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் கேள்வி: நியூட்ரினோ ஆபத்தானதா? இதற்கு இயற்பியல் தெளிவாக விடை கூறுகிறது. சூரியனிலிருந்து மட்டும் நொடிக்குச் சுமார் 6000 கோடி நியூட்ரினோக்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே செல்கின்றன. இரவில் அவை பூமியைத் துளைத்துக் கீழிருந்து வருகின்றன. அவற்றால் நமக்குத் தீங்கில்லை.

இரண்டாம் கேள்வி: பாறைக்கு வெடி வைத்தால் கிணற்று ஊற்று என்ன ஆகும்? தூசி எங்கே படியும்? தோண்டிய கல்லை எங்கே கொட்டுவார்கள்? மேய்ச்சல் நிலம் மிஞ்சுமா? நியூட்ரினோ தீங்கற்றது என்பது இக்கேள்விகளுக்கு விடையாகாது. நிலத்தடி நீரையும் பாறை அதிர்வையும் காட்டையும் தனித்தனியே அளந்துதான் விடை காண வேண்டும். மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவும் அருகிலேயே இருக்கிறது. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி வழங்கியது. 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது.

நாளை உங்கள் ஊருக்கும் ஒரு பெரிய திட்டம் வரலாம். அப்போது எழும் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதற்கு விடை காண எதை அளக்க வேண்டும் என்று குறியுங்கள். அந்த அளவுகளை யாரிடம் கேட்டுப் பெறலாம் என்று உங்கள் ஆசிரியருடன் பேசுங்கள்.