மணலூர்பேட்டைக் குளிருக்கு நீச்சல்குள ஹீட்டர் தேவையா?

தை 5ஆம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் புறப்பட்டு மணலூர்பேட்டைக்கு வருகிறார். தென்பெண்ணையில் தீர்த்தவாரி. ஆற்றுத் திருவிழா என்று சுற்றுவட்டாரமே திரண்டு வந்து முழுக்குப் போடும். ஆண்டிலேயே தண்ணீர் மிகவும் குளிர்ந்திருக்கும் வாரங்கள் அவை. ஆற்றைச் சூடாக்கித் தரச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வீட்டுக்குப் பின்னால் கட்டிய நீச்சல்குளம் என்றால் மட்டும் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது: ஒரு ஹீட்டர் போட்டுவிடலாமா?

இதைப் பணக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு நீருக்குள் நடக்கும் பயிற்சியை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். நீச்சல் பழகும் சின்னப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் உதடு நீலம் பாய்ந்து கரையேறிவிடுகிறார்கள். காற்றைவிடத் தண்ணீர் உடல் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்தும். அதனால்தான் 24 டிகிரிக் காற்று இதமாக இருக்கிறது, 24 டிகிரித் தண்ணீர் நடுக்குகிறது. போட்டிகளுக்கான குளங்களில் உலக நீச்சல் கூட்டமைப்பு கேட்பது 25 முதல் 28 டிகிரி வரை. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 30ஐ ஒட்டி இருந்தால் நல்லது.

மார்கழி, தையில் இந்தச் சமவெளியில் இரவு வெப்பம் 20 டிகிரிப் பக்கம் இறங்கும். பகலில் 28, 29 வரை ஏறும். திறந்த குளத்துத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். ஆக, நமக்குக் குறைவது நான்கைந்து டிகிரிதான். அதற்கு என்ன செலவாகும் என்று பார்த்துவிடலாம்.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 38,400 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதை ஒரே ஒரு டிகிரி உயர்த்த சுமார் 45 யூனிட் வெப்பம் வேண்டும். ஐந்து டிகிரிக்கு 223 யூனிட். குளியலறை கெய்சர்போல் கம்பிச் சுருளைச் சூடாக்கித் தண்ணீரைக் காய்ச்சும் ஹீட்டர் என்றால் மீட்டரிலும் அதே 223 ஓடும். 2024 ஜூலையில் அறிவித்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 1,000 யூனிட்டைத் தாண்டிய வீடு அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய் 80 காசு கட்ட வேண்டும். ஒரு தடவை குளத்தைச் சூடாக்க மட்டுமே இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல். அதுவும் முதல் நாள் செலவு. மறுநாள் காலையில் தண்ணீர் மறுபடி ஆறியிருக்கும்.

எல்லாரும் ஹீட்டரின் விலையைக் கேட்கிறார்கள், குளம் ஏன் ஆறுகிறது என்று கேட்பதில்லை. திறந்த குளம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு, சுமார் 70 விழுக்காடு, நீர் ஆவியாவதால் போகிறது. தரை வழியாகவும் சுவர் வழியாகவும் போவது கொஞ்சம்தான். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான்: ஆவியாகும் ஒவ்வொரு துளியும் மிச்சத் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நம் 32 சதுர மீட்டர் குளத்தில் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் 32 லிட்டர் ஆவியானது என்று பொருள். அத்தோடு 21, 22 யூனிட் வெப்பமும் போயிற்று. குளம் அரை டிகிரி குளிர்ந்துவிடும். ஒரு நாளில் நான்கு மில்லிமீட்டர் என்றால் இரண்டு டிகிரி. இப்பகுதியில் ஆடிக் காற்று வீசும்போது இது இன்னும் அதிகம். அந்தக் காற்றைத் தடுக்கக் குளத்தின் மேற்கே ஒரு மதிலோ நெருக்கமான வேலியோ இருந்தால் நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது பூல் கவர்தான். காற்றுக் குமிழ்கள் உள்ள நீல நிறத் தாள் ஒன்றை மாலையில் விரித்து, குளிக்கும் நேரத்தில் சுருட்டி வைத்தால் போதும். சூடாக்கும் செலவில் பாதிக்கு மேல் இதனாலேயே மிச்சமாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்பு. தண்ணீரும் குளோரினும்கூட மிச்சம். பகலில் இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ ஐந்து யூனிட் வெயில் விழுகிறது. நம் குளத்தின் மேல் மட்டும் 160 யூனிட். அந்த வெயிலை இரவு முழுக்க வெளியே விட்டுவிட்டு, பிறகு காசு கொடுத்து மின்சாரத்தில் வாங்குவதில் அர்த்தமில்லை. ஒரே எச்சரிக்கை: பாதி விரித்த கவருக்கு அடியில் குழந்தை மாட்டிக்கொண்டால் மேலே இருப்பவருக்குத் தெரியாது. குளத்தில் ஆள் இறங்கும் முன் கவர் முழுதும் வெளியே வந்திருக்க வேண்டும்.

கவர் போட்டும் போதவில்லை என்றால்தான் ஹீட்டர் பேச்சு. அதிலும் நம் ஊருக்குப் பொருந்துவது ஹீட் பம்ப். ஏசி, அறையின் சூட்டை வெளியே தள்ளுகிறது; இது வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. வெப்பத்தைப் புதிதாக உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கைந்து யூனிட் வெப்பம் கிடைக்கும். காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது. ஐரோப்பாவின் பனிக்காலத்தில் திணறும் இந்த எந்திரம் மணலூர்பேட்டை வெயிலில் உற்சாகமாக ஓடும். அதே ஐந்து டிகிரியை ஏற்ற மீட்டரில் சுமார் 45 முதல் 56 யூனிட் ஓடினால் போதும்.

பொறுமை வேண்டும். 12 கிலோவாட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் அந்த ஐந்து டிகிரியை ஏற்ற முக்கால் நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். சனிக்கிழமை விருந்தினர் வருகிறார்கள் என்றால் வெள்ளிக்கிழமையே ஓடத் தொடங்க வேண்டும். கேஸ் ஹீட்டர் வேகமானது; ஆனால் 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று முழுதாக எரிந்தாலும் நம் குளத்தை ஐந்து டிகிரி ஏற்றப் போதாது. மொட்டை மாடியில் கருப்புக் குழாய்ப் பாய்களைப் பரப்பி, வடிகட்டும் பம்பின் தண்ணீரை அவற்றின் வழியே சுற்றவிடும் சோலார் முறை மின்செலவில் மிகச் சிக்கனம். குளத்தின் பரப்பில் பாதி முதல் முழு அளவுக்கு மாடியில் இடம் வேண்டும், அவ்வளவுதான். மின்தகடு போடுவதானால் 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அது நாளொன்றுக்குத் தரும் ஏறத்தாழ 12 யூனிட்டை ஹீட் பம்புக்குக் கொடுத்தால் குளம் ஒரு டிகிரிக்கு மேல் ஏறும்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்து இலவச மின் இணைப்பிலிருந்து குளத்துக்கு ஒயர் இழுக்கும் யோசனை பலருக்கும் வரும். வேறு பயன்பாட்டுக்குக் கொடுத்த இணைப்பை இப்படித் திருப்புவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அங்கீகாரமற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தின் இரு மடங்கைக் கேட்பார்கள்.

எந்திரம் வந்து இறங்கியதும் பிளம்பரிடம் வரிசையைச் சொல்லிவிடுங்கள்: பம்ப், அடுத்து ஃபில்டர், அடுத்து ஹீட்டர், கடைசியில்தான் குளோரின் கலக்கும் பெட்டி. குளோரின் பெட்டியை ஹீட்டருக்கு முன்னால் வைத்தால் அடர்ந்த குளோரின் உள்ளே இருக்கும் செம்புக் காயிலை அரித்துவிடும். காயில் டைட்டானியம் என்றால் கவலை குறைவு. போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் சூடேறும் இடத்தில்தான் முதலில் வெள்ளை வெள்ளையாகப் படியும். கெய்சரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். படிவு ஏற ஏற ஹீட்டர் அதிக நேரம் ஓடும், தண்ணீர் மட்டும் சூடாகாது. வாங்கும் முன் நீரின் கடினத்தன்மையைச் சோதித்துவிடுவது நல்லது. மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்சும், முறையான எர்த்தும் இல்லாமல் குளத்துப் பக்கம் எந்த மின் எந்திரமும் இருக்கக் கூடாது. ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்தபோது தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஹீட் பம்பையும் மின் பேனலையும் உயர்ந்த மேடையில் வையுங்கள்.

சூடு கூடக் கூடக் கவனமும் கூட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளோரின் சீக்கிரம் வீரியம் இழக்கும், பாசி வேகமாகப் படரும். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் உயிர்களைப் பறித்த அமீபா மூளைக்காய்ச்சலுக்குக் காரணமான கிருமிக்குப் பராமரிப்பில்லாத வெதுவெதுப்பான நன்னீர் மிகவும் பிடிக்கும். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரினும், 7.2 முதல் 7.8க்குள் பி.எச். அளவும் இருக்கின்றனவா என்று சோதனைக் கருவியில் அடிக்கடி பார்க்க வேண்டும். சூடான குளத்தைச் சும்மா போட்டு வைக்கக் கூடாது.

கல்வராயன் மலைக்கு மேலே போனால் கணக்கு மாறும். பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் இருக்கும் அந்த மலையில் காற்று சமவெளியைவிட நான்கைந்து டிகிரி குளிர்ந்திருக்கும். அங்கே விருந்தினர் விடுதி நடத்துபவர் கவரோடு ஹீட் பம்பும் வைப்பதில் தவறில்லை. சூட்டுக்கு வேறு வழி தேடியவர்களும் உண்டு: இங்கிலாந்தின் எக்ஸ்மவுத் நகர நீச்சல்குளத்தில் 2023இல் ஒரு சிறிய கணினி மையத்தை நிறுவி, கணினிகள் கக்கும் சூட்டையே குளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். நம்மிடம் அப்படிப்பட்ட சூடு கையில் இல்லை, வெயில்தான் இருக்கிறது.

கீழே மணலூர்பேட்டையில் மார்கழி விடியலில் தோட்டத்து பம்புசெட் தொட்டியில் இறங்கியவர்களுக்குத் தெரியும், போர்த் தண்ணீர் வெதுவெதுவென்று ஆவி பறக்கக் கொட்டும். நிலத்தடி நீர் ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே, ஏறத்தாழ 28 டிகிரியில் இருப்பதுதான் காரணம்; வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் நமக்குச் சூடாகத் தெரிகிறது. குளத்தில் குறையும் நீரை ஈடுகட்ட அதைக் குளிர்கால மாலையில் விடுங்கள். ஒரு கவர் வாங்கி இந்தத் தை மாதத்தைக் கடந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வீட்டுப் பெரியவர்கள் குளத்தில் நடுங்கினால், ஹீட் பம்புக்கு விலை கேட்டுக்கொள்ளலாம்.