ஆட மறுத்த சந்தாலி

ஓர் அனல்மின் நிலையத்துக்கான பெரிய விழா. மேடையில் குடியரசுத் தலைவர். பாடி ஆட வேண்டிய சந்தாலிப் பழங்குடிக் கலைஞர் மங்கள் முர்மூ, ஆட மாட்டேன் என்கிறார். அவருடைய மக்களை நிலத்தைவிட்டு விரட்டித்தான் அந்த அனல்மின் நிலையம் அங்கே வருகிறது.

ஜார்க்கண்டைச் சேர்ந்த சந்தாலி எழுத்தாளர், மருத்துவர் ஹன்ஸ்தா சௌவேந்திர சேகர் எழுதிய சிறுகதை இது. இந்தக் கதையின் தலைப்பைத் தாங்கிய ஆங்கிலத் தொகுப்பு 2015-இல் வெளிவந்தது. அதில் 10 கதைகள்.

தொகுப்பின் முதல் கதை இன்னும் நுட்பமானது. குஜராத்தின் வடோதராவுக்கு மாற்றலாகிப் போகும் ஒரு சந்தாலி அதிகாரியின் குடும்பம் அங்கே வாடகை வீட்டில் குடியேறுகிறது. அந்த வீட்டில் மீனோ கறியோ முட்டையோ சமைக்கக் கூடாது. பழங்குடியினர் என்பதையும் வெளியே சொல்லாமல் இருப்பது நல்லது. யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆனாலும் சொந்த அடுப்படியிலேயே அவர்கள் அந்நியராகிறார்கள். பாகுபாட்டை இவ்வளவு அமைதியாகச் சொல்லும் கதைகள் குறைவு. ஆனால் அதே கதையில், 2002 குஜராத் கலவரத்தின்போது அந்த வீடு இருக்கும் தெருவின் பெண்கள் ஒன்றுசேர்ந்து, கையில் கிடைத்த பாத்திரங்களை வீசி, பக்கத்து முஸ்லிம் குடும்பத்தைக் காக்கிறார்கள்.

2017 ஆகஸ்டில், சந்தாலிப் பெண்களை இழிவுபடுத்துவதாகச் சொல்லி ஜார்க்கண்ட் அரசு இந்நூலைத் தடை செய்தது. அரசு மருத்துவரான சேகரைப் பணியிடை நீக்கமும் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் தடை விலகியது. மறு ஆண்டு அவர் பணிக்குத் திரும்பினார், எழுத்தையும் தொடர்கிறார்.