துரையைப் பற்றித் துரையிடமே புகார்

தொடர் – 9

சென்ற வாரம் கேரித்தீவின் சதுப்பு நிலம் ரப்பர் தோட்டமான கதையைப் பார்த்தோம். இந்த வாரம், கூலிக் கணக்கைப் பேசுகிறவர்கள் அவசரமாகத் தாண்டிப் போகிற ஒரு விஷயம்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. காந்தி குல்லாய் அணிந்த பால்மரத் தொழிலாளர்கள் திரண்டார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன். தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும் என்ற கோரிக்கைகள் பலருக்கும் தெரியும். அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் வெள்ளைக்காரத் துரைகளும் ஆசிய அலுவலர்களும் தவறாக நடப்பது நிற்க வேண்டும்.

இந்தக் கோரிக்கையைத் தனியாக எடுத்துப் படித்தால் அது ஒரு வேண்டுகோள்தான். அதன் பக்கத்தில் நிற்கும் மற்றவற்றோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் கூர்மை விளங்கும். உறவினரும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வர வேண்டும். குறைகளைச் சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

ஏன் இவ்வளவும் சேர்ந்து வந்தன? அன்றைய தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். விடியும் முன் பெரட்டு எனும் ஆளெடுப்பு. பிறகு மரங்களுக்கு நடுவே தன் நிரையில் ஒரு பெண் தனியாக நிற்பாள். அவளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவன் கங்காணி, கணக்கு எழுதுகிறவர் கிராணி, எல்லாருக்கும் மேலே துரை. இவர்களில் ஒருவன் கை வைத்தால் அவள் யாரிடம் போவாள்? புகாரைக் கேட்கும் நாற்காலியும் அவர்களுடையதே. குடியிருக்கும் லயமும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும், புருஷன் பிள்ளைகளோடு சேர்த்து. ஆறுதல் சொல்ல அண்ணன் வர வேண்டுமென்றாலும் தோட்டத்துக்குள் நுழையத் தடை. வாய் திறக்காத அந்தப் பெண்ணைக் கோழை என்று எப்படிச் சொல்வது? எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் இந்தச் சிக்கலைச் சரியாகக் கணித்திருந்தார்கள். குற்றத்தைத் தடுக்கச் சொன்ன கையோடு, துணை வருவதற்கு வழியும் பழிவாங்கலுக்குத் தடையும் கேட்டார்கள்.

கிடைத்த பதில் துப்பாக்கி. மே மாதம் நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

இன்று கேரித்தீவில் செம்பனை நிற்கிறது. பிள்ளைகள் பாலம் தாண்டிக் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தொல்லை இப்போது பஸ்ஸிலும் கொமியூட்டர் ரயிலிலும் கடைத்தெருவிலும் வருகிறது. ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி 2010 முதல் ஓடுகிறது. ஆனால் பெட்டியை விட்டு இறங்கிய பிறகு?

போலீஸ் புகார் ஒரு வழி. எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாலோ சைகையாலோ அவமதித்தால் மலேசியத் தண்டனைச் சட்டம் 509-ஆம் பிரிவு, ஐந்தாண்டு வரை சிறை. மானபங்க நோக்கத்தோடு தொட்டால் 354-ஆம் பிரிவு, பத்தாண்டு வரை. பின்தொடர்ந்து வந்து தொல்லை கொடுப்பதும் 2023 முதல் தனிக் குற்றம். நடந்த நேரம், இடம், பஸ் எண், பக்கத்தில் இருந்தவர், வந்த குறுஞ்செய்தி, எல்லாவற்றையும் அன்றே எழுதி வைப்பது நல்லது.

இன்னொரு வழி, 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2024 மார்ச்சில் இயங்கத் தொடங்கிய தீர்ப்பாயம். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. விசாரணை மூடிய அறையில் நடக்கும். மன்னிப்புக் கேட்க உத்தரவிடலாம். இரண்டரை லட்சம் ரிங்கிட் வரை இழப்பீடும் விதிக்கலாம். தெருவில் நடந்ததற்கும் போகலாம், வேலையிடம்தான் என்றில்லை. வேலையிடத்தில் நடந்தால் முதலாளி விசாரித்தே ஆக வேண்டும். பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பைக் கண்ணில் படும்படி ஒட்டவும் வேண்டும். உங்கள் தொழிற்சாலையில் அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

யாரிடம் பேசுவது என்று தெரியாதவர்களுக்கு 15999, அரசின் தாலியான் காசே தொலைபேசிச் சேவை. அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் தாக்குதலுக்கு ஆளானவர்களுக்கென ஓரிடச் சேவை மையம் உண்டு. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1994-இல் தொடங்கிய ஏற்பாடு அது. தெனாகானித்தா என்ற தொண்டு அமைப்பு, பெண்கள் உதவி அமைப்பான டபிள்யூ.ஏ.ஓ போன்றவையும் இருக்கின்றன. தெனாகானித்தாவைத் தொடங்கிய ஐரின் பெர்னாண்டஸ், கெடாவில் பிறந்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்.

இத்தனை இருந்தும் 1941-இன் கோரிக்கைகளில் ஒன்று இன்னும் முழுதாக நிறைவேறவில்லை. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்ற தெளிவான பிரிவு 2022 சட்டத்தில் இல்லை என்று பெண்கள் அமைப்புகள் சுட்டிக்காட்டி வருகின்றன. தீர்ப்பாயத்துக்குப் போன பெண்ணுக்கு மறுவாரமே இரவு ஷிப்ட் மாற்றப்பட்டால், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனால், அவள் நிலை என்ன? பெண்களுக்குத் தைரியம் வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லட்டும். தைரியம் அவளிடம் இருக்கிறது. சம்பளமும் கூரையும்தான் இன்னும் அடுத்தவர் கையில் இருக்கின்றன.

அடுத்த வாரம்: தோட்டம் துண்டாடப்பட்டு லயங்கள் காலியானபோது பெண்கள் எங்கே போனார்கள்?