வாயிலில்லா வளையம்

இலண்டன் மாநகரிலுள்ள தூய பவுல் பேராலயத்தின் குவிமாடத்துள் வட்ட வடிவான நடைமாடம் ஒன்று உண்டு. ஆங்கு ஒருவர் சுவரருகே நின்று மெல்லப் பேசினும், எதிர்ப்புறத்தில் நிற்பவர் செவியில் அச்சொல் தெளிவாக விழும். வளைந்த சுவரைத் தழுவியே ஒலியலை செல்கின்றது என இராலே பிரபு 1910ஆம் ஆண்டில் விளக்கினார். நம் நாட்டு அறிஞர் சி. வி. இராமனும் 1921ஆம் ஆண்டில் இம்மாடத்தை ஆராய்ந்தார்.

ஒலியைப் போன்றே ஒளியும் வளைவைத் தழுவிச் சுற்ற வல்லது. தலைமயிரின் பருமனேயுள்ள கண்ணாடி உருண்டையில் புகுந்த ஒளி, முழு அகப் பிரதிபலிப்பால் வெளியேறாது பன்முறை சுற்றும். சுற்றுவழியின் நீளம் அலைநீளத்தின் முழு மடங்காயின், சுற்றுதோறும் அலைகள் கூடி வலுப்பெறும். காலமறிந்து உந்திய ஊஞ்சல் உயர்வது போன்றது இது. இதனை ஒத்ததிர்வு என்பர்.

ஆயின், ஒளியை வெளியே விடாத எல்லை, புற ஒளியை அவ்வழியில் உள்ளேயும் விடாதன்றோ? வாயிலில்லா வீட்டினுள் புகுவது எங்ஙனம்?

இயற்கையே வழி வகுத்துள்ளது. ஒளியலை கண்ணாடியின் எல்லையில் சட்டென முடிவதில்லை. சிறிது வெளியே பரவித் தேய்ந்து மறைகின்றது. கண்ணாடி இழையைச் சூடாக்கி இழுத்து, ஓரிரு மைக்ரான் பருமனாக மெலிவித்தால், அதில் செல்லும் ஒளியின் ஒரு பகுதி இழைக்கு வெளியேயும் பரவும். அவ்விழையை உருண்டையினருகே கொணரின், இடைவெளியைக் கடந்து ஒளி உட்புகும். 1997ஆம் ஆண்டில் அறிஞர்கள் இதனைச் செய்து காட்டினர். இழையிலும் உருண்டையிலும் அலைகள் ஒத்த வேகத்துடன் செல்லுதல் வேண்டும். அதற்கேற்ப இழையின் பருமனை அமைப்பர்.

இடைவெளியோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. இழை மிக விலகின், சிறிதளவு ஒளியே புகும். மிக நெருங்கின், புகுந்த ஒளி விரைந்து இழைக்கே மீண்டுவிடும். உருண்டையுள் வீணாகும் ஒளியும் இழைக்குத் திரும்பும் ஒளியும் சமமாகும் நிலையே தக்க நிலை. அப்போது திரும்பும் அலையும், இழையில் நேரே சென்ற அலையும் ஒன்றையொன்று அழிக்கும். இழையில் ஒளி எஞ்சாது. அனைத்தும் உருண்டையையே சாரும்.

இதனால் விளையும் பயன் பெரிது. உருண்டையின்மேல் நுண்பொருள் ஒன்று ஒட்டினும், ஒத்ததிரும் அலைநீளம் சற்றே மாறும். அம்மாற்றத்தைக் கொண்டு, இன்புளுவென்சாக் காய்ச்சலை விளைக்கும் வைரசு ஒன்று தனித்து ஒட்டியதையும் 2008ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். கண்ணுக்குப் புலனாகாத நோய்க்கிருமியைக் காட்டிக் கொடுத்தது, அளவறிந்து அமைத்த அச்சிறு இடைவெளியே ஆகும்.