சேற்றுக்கு அடியில் கறள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் களனி கங்கை பெருகி, கொலன்னாவை, கடுவலைப் பக்கங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகும் இரும்புச் சாமான்களைக் கறள் தின்னும். கால்வாயும் கடற்காற்றும் அருகிலிருக்கும் பாமன்கடைத் தையற்கடை மெஷின்களுக்கு வெள்ளமில்லாத ஆண்டிலும் இந்தத் தொல்லை உண்டு.

கறளுக்கு ஒட்சிசன் வேண்டும். ஆனால் ஒட்சிசன் குறைந்த இடத்திலேயே இரும்பு அதிகம் அரிக்கப்படுகிறது. மெஷினில் ஒட்டிய ஈரச் சேற்றின் அடியில் ஒட்சிசன் எட்டாது, விளிம்பில் தாராளம். அடியிலுள்ள இரும்பு கரைந்து இலத்திரன்களை விடுகிறது. அவை உலோகத்தினூடே ஓடி விளிம்புக்குப் போக, அங்குள்ள ஒட்சிசன் வாங்கிக்கொள்கிறது. இருட்டறையில் மூத்தவர் உழைக்க, வாசலில் காற்று வாங்கும் இளையவர் செலவழிக்கும் குடும்பம் இது. பணம் சுவர் வழியே போகிறது. கணக்குச் சீட்டோ இருவர் வாசலிலும் விழாமல் நடு முற்றத்தில் சிவப்பாகக் குவிகிறது. அந்தச் சீட்டுத்தான் கறள். மூத்தவரின் அறையில் எஞ்சுவது குழி.

கேம்பிரிட்ஜில் உலோக அரிப்பை ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் 1920களில் இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புநீரை விட்டு இதையே காட்டினார்.

ஆகவே முதல் வேலை சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, உடனே உலர்த்துவது. ஒரே விசிறலில் புதிதாக்கும் என்று விற்கப்படும் திரவங்களால் குழி நிரம்பாது. தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும் கறளைக் கரைக்கும். அதிக நேரம் ஊறினால் நல்ல இரும்பையும் கரைக்கும்.

கழற்றிய பாகங்களுக்கு மின்பகுப்பு நல்லது. ஒரு கலன் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, கறள் பிடித்த பாகத்தை 12 வோல்ட் நேரோட்ட சார்ஜரின் மறை முனையிலும், பழைய இரும்புத் தகட்டை நேர் முனையிலும் இணைக்க வேண்டும். இரண்டும் தொடக்கூடாது. சில மணி நேரத்தில் செங்கறள் கருமையாகித் தளரும். தூரிகையால் தேய்த்தால் உதிரும். ஐதரசன் வெளிவருவதால் திறந்த இடமே ஏற்றது. நேர் முனையில் துருப்பிடிக்காத உருக்கு வேண்டாம். நஞ்சான குரோமியம் சேர்மங்கள் நீரில் கலக்கும். அலுமினியப் பாகங்களைச் சோடா அரித்துவிடும். வில் சுருள்கள் ஐதரசனை உள்வாங்கி நொறுங்கக்கூடும்.

துப்புரவான இரும்பு சில நிமிடங்களிலேயே மறுபடி சிவக்கும். ஆகையால் துடைத்த கையோடு எண்ணெய் பூசவும். நனைந்த மோட்டரை மின்வேலை தெரிந்தவர் சோதிக்கும் வரை பிளக்கில் செருகவே கூடாது.