மூணு வாரமா ஆளைக் காணோம்... சபைக்கு எப்படித் தெரியும்? தேவாலயங்களில் உறவு மேலாண்மை மென்பொருள்

ஐம்பது குடும்பங்கள் உள்ள சபையில் ஒருவர் ஒரு ஞாயிறு வராவிட்டால், ஆராதனை முடிந்து வெளியே வரும்போதே "டீச்சரம்மாவைக் காணோமே?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஐந்நூறு குடும்பங்கள் ஆகிவிட்டால் அந்தக் கேள்வி எழுவதில்லை. மாதங்கள் கழித்து, "அவங்க வீட்டுக்காரர் தவறிட்டாராமே" என்று காதில் விழும்போதுதான் போதகருக்கே உறைக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் மென்பொருள் வருகிறது. 'கடன் வேணுமா சார்?' என்று வங்கியிலிருந்து போன் வருகிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் சி.ஆர்.எம். மென்பொருளின் உறவுக்காரர்தான் இது. அமெரிக்காவின் 'பிளானிங் சென்டர்', இலவசமாகக் கிடைக்கும் 'சர்ச் சி.ஆர்.எம்.' போன்றவை இந்த வகை.

அடிப்படை, நமக்குத் தெரிந்த குடும்பப் பதிவேடுதான். யார் யார், ஞானஸ்நானம் எப்போது, எந்த ஜெபக் குழு என்பதெல்லாம் அதில் இருக்கும். கூடுதலாக இருப்பது, நினைவூட்டும் வேலை. ஒருவர் தொடர்ந்து வராவிட்டால், 'இவரைப் போய்ப் பார்க்கவும்' என்று ஒரு சபை ஊழியரின் பெயரில், தேதியோடு பதிவாகிவிடும். போய்ப் பார்த்தாரா இல்லையா என்பதும் தெரியும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பெரிய சபைகளில் பெரியவர்களுக்கு யாரும் வருகைப் பதிவு எடுப்பதில்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளை விடும்போது விழும் பதிவு, குழுக் கூட்டம், ஆன்லைன் காணிக்கை ஆகியவற்றை வைத்துத்தான் மென்பொருள் ஊகிக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, காணிக்கைப் பையில் பத்து ரூபாய் போட்டுவிட்டுப் போகும் பாட்டியம்மா இதில் எங்குமே பதிவாவதில்லை. முதலில் தேட வேண்டியவரே அவர்தான்!

அடுத்தது, அந்தரங்கம். 'மகன் குடிக்கிறான், ஜெபியுங்கள்' என்று போதகரிடம் சொன்னது கணினிக்குள் போனால் யாரெல்லாம் படிக்கலாம்? சபைத் தேர்தல் நேரத்தில் அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கும்? ஸ்வீடனில் ஒரு சபைப் பணியாளர், உடன் வேலை செய்த ஒருவருக்குக் காலில் அடிபட்டதைச் சபைக்கான தன் இணையப் பக்கத்தில் எழுதினார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அதுவும் உடல்நலத் தகவல்தான், தரவுப் பாதுகாப்பு விதிகளுக்குள் வரும் என்று 2003 நவம்பரில் தீர்ப்பானது. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலை அடிப்படையாக வைக்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். எனவே ஊழியருக்குத் தொலைபேசி எண், போதகருக்கு மட்டும் ஆலோசனைக் குறிப்பு என்று அனுமதியைப் பிரித்துவைப்பது முதல் வேலை.

பதிவைத் திருத்தத் தனியாக ஒருவர் வேண்டும். இறந்தவரின் பக்கத்தில் அதைக் குறிக்க மறந்துவிட்டால், அடுத்த பிறந்தநாளுக்கு வாழ்த்துச் செய்தி அவர் மனைவியின் போனுக்கு வந்து நிற்கும்.