பழைய படகும் புதிய கூரையும்

நீரில் மிதக்கும் எந்தக் கலத்துக்கும் இரண்டு சோதனைகள் உண்டு. மூழ்காமல் நிற்கிறதா என்பது ஒன்று. கவிழாமல் நிற்கிறதா என்பது மற்றொன்று. முதற்சோதனையின் விதியை ஆர்க்கிமிடீஸ் பெயரோடு சேர்த்து நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். இரண்டாவதைப் பற்றி நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. ஆயினும், பழைய மோட்டார்ப் படகைப் புதுப்பித்து, அதன்மேல் நாற்புறமும் அடைத்த கூரை அமைக்க முற்படுவோர் இரண்டையும் நன்கு அறிந்திருக்க வேண்டும்.

உப்பங்கழிக் கரையில் வாழும் என் நண்பர் ஒருவரிடம், சுமார் 7 மீட்டர் நீளமுள்ள பழைய மரப்படகு ஒன்று இருந்தது. அக்கரைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவர அதைச் சீர்ப்படுத்த விரும்பினார். பிள்ளைகள் மழையிலும் வெயிலிலும் வருந்தாதபடி உறுதியான கூரையும் கண்ணாடிச் சாளரங்களும் வேண்டும் என்பது அவர் விருப்பம். "கூரையைப் பிறகு பார்க்கலாம், முதலில் அடிப்புறத்தைப் பார்ப்போம்" என்றேன் நான்.

பழைய படகின் வண்ணப்பூச்சை நம்பலாகாது. மரச் சுத்தியால் பலகையை மெல்லத் தட்ட வேண்டும். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும்; உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் குத்தூசியை அழுத்திப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. மரத்தை உளுக்கச் செய்வதில் கடல்நீரைவிட மழைநீரே பெரும்பகை. மரத்தை அரிக்கும் பூஞ்சை உப்புநீரில் செழிப்பதில்லை. நன்னீர் தேங்கி, காற்றோட்டமில்லாத மூலைகளில்தான் அது வளர்கிறது. ஆகவே அணியத்திலும் அமரத்திலும் உள்ள இடுக்குகளை முதலில் சோதித்தோம். உப்புநீருக்குள் இருக்கும் பலகைகளுக்கோ வேறொரு பகை உண்டு, அது கப்பற்புழு. வெளியே ஊசிமுனையளவு துளையே தெரியும். உள்ளே நீண்ட குடைவு ஓடியிருக்கும்.

உளுத்த பகுதியை நல்ல மரம் தென்படும்வரை வெட்டி நீக்கினோம். புதிய பலகையைப் பழையதோடு இணைக்கும்போது, இரண்டின் முனைகளையும் பலகைக் கனத்தைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாக இழைத்து ஒட்டுவது மரபு. துருப்பிடித்த இரும்பு ஆணிகளைக் களைந்து செப்பாணிகளை அறைந்தோம். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைச் செலுத்திக் கலப்பத்து செய்தோம். மரம் நீரில் ஊறிப் பருக்கும்போது இடுக்குகள் தாமே இறுகும். ஆதலால் உலர்ந்த நிலையில் திரியை மிகையாகத் திணிக்கக் கூடாது.

அடிப்புறம் சீரானபின் கூரையின் முறை வந்தது. இங்கே சிறிது இயற்பியல் தேவைப்படுகிறது.

படகின் எடை முழுவதும் ஈர்ப்பு மையம் என்னும் புள்ளி வழியாகக் கீழ்நோக்கி இயங்குகிறது. நீரின் உந்துவிசை, நீருக்குள் அமிழ்ந்த பகுதியின் மையம் வழியாக மேல்நோக்கி இயங்குகிறது. படகு ஒருபுறம் சாய்ந்தால் அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறி, உந்துவிசையின் மையமும் அந்தப் பக்கமே நகர்கிறது. அங்கிருந்து நேர்மேலாகச் செல்லும் கோடு படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே 1746-இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விளக்கினார். இப்புள்ளி ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருக்கும்வரை சாய்ந்த படகு நிமிரும். கீழே போய்விட்டால் நிமிராது. இரண்டுக்கும் இடையேயுள்ள உயரமே படகின் நிலைப்புக்கு அளவுகோல்.

கூரை இந்த உயரத்தைக் குறைக்கிறது. எங்கள் படகை 1500 கிலோ எடை என்றும், அதன் நிலைப்பு உயரம் 60 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையத்துக்கு 1.8 மீட்டர் மேலே 150 கிலோ எடையுள்ள கூரையை ஏற்றினால், மையம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் உயர்கிறது. நிலைப்பில் கால்பங்குக்கும் மேல் போய்விட்டது! அதே கூரையை 60 கிலோவுக்குள் அமைத்தால் 7 சென்டிமீட்டரே உயரும். எனவே கூரையின் அழகைவிட அதன் எடையே முதற்கேள்வி. 6 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி, சதுர மீட்டருக்கு 15 கிலோ எடையுள்ளது. அதே கனமுள்ள அக்ரிலிக் தகடு 7 கிலோவைச் சற்றே தாண்டும். நண்பர் கண்ணாடியை விரும்பினார். கணக்கைக் காட்டியதும் அக்ரிலிக்குக்கு இசைந்தார். கூரைக்குக் கனத்த பலகைகளை விடுத்து, மெல்லிய ஒட்டுப்பலகை இரண்டுக்கு நடுவே இலேசான நுரைப்பொருளை வைத்து ஒட்டினோம்.

கணக்கு மட்டும் போதாது; படகையே கேட்டறிய வேண்டும். அமைதியான நீரில், படகின் உள்ளே ஒரு மீட்டர் நீளமுள்ள தூக்குக்குண்டைத் தொங்கவிட வேண்டும். நடுவிலுள்ள மணல் மூட்டைகளை அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி, நூல் எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நகர்த்திய எடை 60 கிலோவானால், மேற்சொன்ன படகில் விலகல் சுமார் 3.3 சென்டிமீட்டர். கனத்த கூரையை ஏற்றியபின் அது 4 சென்டிமீட்டரைத் தாண்டும். கூரைக்கு முன்னும் பின்னும் இதைச் செய்தால் இழந்தது எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரியும்.

இன்னுமொரு குறிப்பும் உண்டு. கூரை ஏற்றியபின் படகு முன்னைவிட மெதுவாக, சுகமாக அசைந்தால் பலர் மகிழ்வர். மகிழக் கூடாது. நிமிரும் ஆற்றல் குறைந்ததால் வந்த மந்தம் அது. விரைந்து நிமிரும் படகே வலிய படகு.

சுவீடன் நாட்டு வாசா என்னும் போர்க்கப்பல் புறப்படுமுன், 30 பேரை மேல்தளத்தில் இங்குமங்கும் ஓடவிட்டுச் சோதித்தனர். கப்பல் அச்சுறுத்தும் வகையில் ஆடவே சோதனையை நிறுத்தினரேயன்றிக் கப்பலைத் திருத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10-ஆம் நாள், முதற்பயணத்திலேயே அது கவிழ்ந்து மூழ்கியது. 1915 ஜூலையில், முன்பே தள்ளாடும் இயல்புடையதாயிருந்த ஈஸ்ட்லாந்து என்னும் கப்பலில் கூடுதல் உயிர்காப்புப் படகுகளை ஏற்றினர். அதே மாதம் 24-ஆம் நாள், சிகாகோ நகரில் துறையை விட்டு நகராமலே அது கவிழ்ந்து 844 பேர் மாண்டனர். காப்பதற்காக மேலே ஏற்றிய பாரமும் ஒரு காரணமாயிற்று.

அடைத்த கூரைக்கு வேறு இரு கடமைகளும் உண்டு. படகு ஓடும்போது பின்புறத்தில் காற்று சுழன்று, எஞ்சின் புகையை உள்ளே இழுக்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. ஆனால் உயிரைப் பறிக்கும். ஆகவே முன்புறமும் காற்றுவழி வேண்டும். மேலும், படகு சாய்ந்துவிட்டால் பிள்ளைகள் வெளியேறச் சாளரங்கள் வெளிப்புறமாக எளிதில் திறக்க வேண்டும். உயிர்காப்பு மேலங்கியை உள்ளேயே ஊதி விரிக்கக் கூடாது. அது ஒருவரைக் கூரையோடு அழுத்தி, வெளியேற விடாமல் தடுத்துவிடும்.

நண்பரின் படகு இன்று கழியைக் கடக்கிறது. கூரைமேல் எவரும் ஏறக் கூடாது, மூட்டையும் வைக்கக் கூடாது என்று அதன் முகப்பில் எழுதியிருக்கிறோம். மாணவ நண்பர்களே, நீங்கள் எந்தப் படகில் ஏறினாலும் அதன் மேற்புறத்தையும் ஒருமுறை நோக்குங்கள். மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவுக்கும் கீழே நீர் கணக்குக் கேட்கிறது. அந்தக் கணக்கைக் கரையிலேயே போட்டு முடிப்பதுதான் அறிவுடைமை.